இடிபடப் போகும் அம்மம்மா வீடு: எதை, எந்த ஒழுங்கில் பதிந்து வைப்பது?

ஒழுங்கை_முனை:

வணக்கம். வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கையில் அம்மம்மா வீடு. 12 பேர்ச் காணி. ஓட்டுக் கூரை, முன் விறாந்தை, நடுவில் சாலை (பெரிய கூடம்), இரு பக்கமும் அறைகள், பின்னால் குசினியும் கிணறும். தொடர்மாடி கட்டுவதற்காக விற்றாகிவிட்டது, அடுத்த மாத முடிவில் சாவி கொடுக்க வேண்டும். பேரப்பிள்ளைகள் எல்லோருக்கும் வீடு என்றால் இதுதான். இப்போது அவர்கள் ரொறன்ரோ, லண்டன், சிட்னி என்று இருக்கிறார்கள். அவர்களின் பிள்ளைகள் இந்த வீட்டைக் கண்டதே இல்லை.

நாலு படம் எடுத்து விட்டுவிட மனமில்லை. பின்னால் ஒரு பிள்ளை "எப்படி இருந்தது?" என்று கேட்டால் அறைக்கு அறை கூட்டிப் போகிற அளவுக்கு வேண்டும். கையில் இருப்பது இரும்பு டேப், போன், வார இறுதி நாட்கள். எதிலிருந்து தொடங்குவது? எதைக் கழற்றி எடுக்கலாம்? வீட்டின் பழைய கடதாசிகளை எங்கே தேடுவது? இன்னொன்று: மச்சாள் ஒருவரின் வீடு 1983 இனக்கலவரத்தில் எரிந்தது. படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அப்படிப்பட்ட வீட்டுக்கும் ஏதாவது செய்ய முடியுமா?

கோடும்_அளவும்:

முதல் விடயம், ஒரு கதிரையைக்கூட இன்னும் அசைக்க வேண்டாம். வீடு காலியானால் அளப்பது சுகம் என்பது உண்மைதான். ஆனால் காலி அறை பின்னால் பார்க்கிற பிள்ளைக்கு ஒன்றும் சொல்லாது. சாய்மனைக் கதிரை எந்த யன்னலைப் பார்த்து நின்றது, தையல் மெசின் ஏன் அந்த மூலைக்குப் போனது என்பதெல்லாம் சாமான் இடத்தில் நிற்கும்போதுதான் பிடிபடும்.

டேப்பை எடுப்பதற்கும் முன்னால், வெளிநாட்டில் இருப்பவர்களிடம் ஆளுக்கொரு தாளில் வீட்டை வரைந்து அனுப்பச் சொல்லுங்கள். தனித்தனியாக, ஒருவரோடு ஒருவர் பேசாமல். வட்ஸ்அப் குழுவில் கேட்டால் காரியம் கெட்டுவிடும். ஒருவர் "கிணற்றடியில் கொய்யா நின்றது" என்று எழுதியதும் மற்றவர்களுக்கும் கொய்யா நினைவுக்கு வந்துவிடும். அதன்பிறகு எது அவரவர் நினைவு, எது கேட்டு வந்த நினைவு என்று பிரிக்க வழியே இல்லை. படத்தில் அவர்கள் குறிக்க வேண்டியவை: தான் படுத்த இடம், சாப்பிட்ட இடம், பயந்த இடம், பிள்ளைகள் போகக் கூடாத இடம், ஒளித்துப் பிடித்து விளையாடும்போது ஒளிந்த இடம். அளவு சரியா என்று பார்க்க வேண்டாம். உண்மையில் 6 அடி அகலமான பின் விறாந்தையை ஒருவர் பாதி வீடு அளவுக்கு வரைந்திருந்தால், அவர் வளர்ந்த வீடு அந்த விறாந்தைதான். படங்கள் ஒன்றோடொன்று முரண்பட்டால் திருத்தாமல் எல்லாவற்றையும் அப்படியே வையுங்கள்.

இனி அளவு. சதுரத்தாளில் கையால் வரைபடம் போட்டு, ஒவ்வொரு அறைக்கும் ஒரு தாள் ஒதுக்குங்கள். ஒரு சுவரை அளக்கும்போது டேப்பை மூலையில் பிடித்து, அதை எடுக்காமல் கதவு தொடங்கும் இடம், முடியும் இடம், யன்னல், அடுத்த மூலை என்று ஒரே ஓட்டமாக வாசியுங்கள். துண்டு துண்டாக அளந்து கூட்டினால் ஒவ்வொரு துண்டிலும் கால் அங்குலம் பிழைத்து, கடைசியில் ஒன்றரை அங்குலம் காணாமல் போகும். மூலைவிட்டம் இரண்டையும் ஒவ்வொரு அறையிலும் எடுக்க மறக்காதீர்கள். 12க்கு 9 அறை சரியான செங்கோணமாக இருந்தால் மூலைவிட்டம் 15 அடி. பழைய வீடுகளில் பெரும்பாலும் ஒன்று 14 அடி 10 அங்குலம், மற்றது 15 அடி 2 என்று வரும். மூலைவிட்டம் இல்லாமல் வரைந்தால் கடைசி அறை காணிக்கு வெளியே போய் நிற்கும்.

சுவர்த் தடிப்பைக் கதவு நிலையடியில் பாருங்கள். உயரத்தைத் தரையிலிருந்து மட்டும் எடுத்தால் ஏமாற்றும், ஏனென்றால் குசினித் தரையும் விறாந்தைத் தரையும் தண்ணீர் ஓடச் சரித்துப் போடப்பட்டவை. மேசன் பாஸ்மார் வைத்திருக்கும் டியூப் லெவலால் (தண்ணீர் நிரப்பிய தெளிவான குழாய்) வீடு முழுக்க ஒரே மட்டத்தில் பென்சில் கோடு போட்டு, அதிலிருந்து மேலும் கீழும் அளவெடுங்கள். டியூபுக்குள் காற்றுக் குமிழி இருந்தால் மட்டம் பிழைக்கும், தண்ணீரை மெதுவாக விட்டுக் குமிழியை வெளியேற்றிய பிறகே தொடங்க வேண்டும். அடி அங்குலத்திலும் மில்லிமீற்றரிலும் குறியுங்கள்: கட்டியவர் அடியில் யோசித்தார், நாளைக்கு மாதிரி செய்பவர் மில்லிமீற்றரில் யோசிப்பார். சுத்தமாக வரையும்போது 1:50 அளவுத்திட்டம் போதும்.

படம் எடுப்பதில் ஒரு விடயத்தை வற்புறுத்திச் சொல்கிறேன். ஆறு வயதுப் பிள்ளையின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய மூன்றரை அடி உயரத்தில் இருக்கும். எல்லா அறையையும் பெரியவர் உயரத்தில் ஒரு முறை, மூன்றரை அடியில் ஒரு முறை எடுங்கள். மேசையின் அடிப்பக்கம், யன்னல் கம்பிக்கு இடையால் தெரிந்த ஒழுங்கை, எட்டாத அலுமாரித் தட்டு எல்லாம் இரண்டாவது வரிசையில்தான் வரும். உங்கள் மச்சான்மார் அடையாளம் காணப் போவதும் அந்த வரிசையைத்தான்.

போனால் முப்பரிமாண ஸ்கேன் செய்வதென்றால், ஒவ்வொரு படமும் முந்திய படத்தோடு முக்கால் பங்கு ஒத்துப் போக வேண்டும். வெள்ளைச் சுவரில் மென்பொருளுக்குப் பிடிக்க ஒன்றும் கிடைக்காது, பத்திரிகைத் துண்டுகளை ஒழுங்கில்லாமல் ஒட்டிவிடுங்கள். கண்ணாடி அலுமாரியைத் துணியால் மூடுங்கள். ஐபோன் புரோ வகைகளில் இருக்கும், ஒளியால் தூரம் அளக்கும் லைடார் 5 மீற்றர் வரைதான் எட்டும், ஆகவே கூரை முகட்டை அது தவறவிடும். ஸ்கேன் இருக்கிறது என்று கைவரைபடத்தை விடாதீர்கள். ஸ்கேன் செயலி மூடப்பட்டாலும் தாள் இருக்கும்.

தச்சுப்பட்டறை:

கழற்றி எடுக்கிற விடயம் பற்றி. முதலில் ஒப்பந்தத்தைப் பாருங்கோ. இடிக்கிற கொந்தராத்துக்காரர் பழைய மரம், ஓடு, கம்பி எல்லாம் தனக்கு என்று கணக்குப் பண்ணித்தான் விலை சொல்லியிருப்பார். உங்களுக்கு வேண்டியதை இப்பவே பட்டியல் போட்டு, படத்தோடு, வாங்கினவரிட்டயும் அவரிட்டயும் கையெழுத்து வாங்குங்கோ. சாவி கொடுத்த பிறகு கேட்டால் கிடைக்காது.

ஓட்டில ஒன்றிரண்டைத் திருப்பிப் பாருங்கோ. கள்ளிக்கோட்டை ஓடு என்று நாங்கள் சொல்லுறதில கம்பனி முத்திரை இருக்கும். பாசல் மிஷன் ஓட்டில 1865 என்று கண்டால் வீடு 1865 என்று முடிவு கட்டாதையுங்கோ, அது மங்களூரில தொழிற்சாலை தொடங்கின வருசம். கொமன்வெல்த் என்று இருந்தால் முதலாம் உலகப் போருக்குப் பிறகு செய்த ஓடு, ஏனென்றால் பாசல் மிஷன் தொழிற்சாலைகள் போருக்குப் பிறகுதான் கொமன்வெல்த் ட்ரஸ்ட் என்ற கம்பனிக்குக் கைமாறினது. ஓடு மாற்றிப் போட்டிருக்கவும் கூடும், அதால பல இடத்தில எடுத்துப் பார்க்கவேணும். குசினிப் பக்கம் அஸ்பெஸ்டஸ் தகடு போட்டிருந்தால் கை வைக்க வேண்டாம். அறுக்கவும் துளைக்கவும் கூடாது, தூசு நுரையீரலுக்குக் கேடு.

சுவர் 14 அங்குலத்துக்கு மேல தடிப்பு, ஆணி அடிச்சால் செம்மண் நிறத்தில தூள் கொட்டுது என்றால் கபுக் கல்லும் (வெட்டி எடுத்த செம்பூரான் கல்) சுண்ணாம்புச் சாந்தும். அதுதான் அந்த வீட்டுக்குள்ள மத்தியானத்திலயும் குளிர்ச்சி இருந்ததுக்குக் காரணம். பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய விசயம் இது. படத்தில குளிர்ச்சி தெரியாது.

சிவப்புச் சீமெந்துத் தரையை எடுக்க ஏலாது, உடையும். பூப்போட்ட சீமெந்துக் கல் பதிச்ச தரையென்றால் எடுக்கலாம். ஏற்கெனவே உடைஞ்ச ஓரத்தில தொடங்கி, தட்டையான உளியைக் கல்லுக்குக் கீழ கிடையாக விடுங்கோ. சுண்ணாம்புப் படுக்கையில இருந்தால் வந்திடும். சீமெந்துப் படுக்கை என்றால் பத்தில ஒன்றுதான் முழுசாக வரும். நாலு கல்லுச் சேர்ந்தால்தான் கோலம் முழுமை, அதால நாலின் மடங்காக எடுங்கோ.

பழைய பெயின்ற் நிறங்களையும் காப்பாற்றலாம். கதவு நிலையில ஒதுக்குப்புறமான இடத்தில, 240ஆம் நம்பர் தண்ணித்தாளால (ஈரத்தில தேய்க்கிற அரத்தாள்) நனைச்சு நனைச்சு ஒரு ரூபாய்க் குத்தி அளவுக்கு வட்டமாகத் தேயுங்கோ. நடுவில மரம், சுற்றி வளையம் வளையமாக ஒவ்வொரு காலத்து நிறமும் வரும். பச்சை வளையத்தைக் கண்டதும் பெரியம்மாவுக்கு அது எந்தக் கலியாணத்துக்கு அடிச்ச பெயின்ற் என்று நினைவு வரும். பழைய பெயின்றில ஈயம் இருக்கும், அதால உலர்ந்த நிலையில ஒருக்காலும் தேய்க்கக் கூடாது. முகமூடி போடுங்கோ, பிள்ளைகளைக் கிட்ட விட வேண்டாம்.

பிள்ளைகளின்ர உயரம் குறிச்ச நிலை இருந்தால் ட்ரேசிங் தாளைக் கீழிருந்து மேல வரைக்கும் ஒரே துண்டாக ஒட்டி, கோடும் எழுத்தும் அப்படியே பிரதி எடுங்கோ. தரையைப் பிறகு உயர்த்திப் போட்டிருந்தால் எல்லா உயரமும் ஒன்றிரண்டு அங்குலம் குறைஞ்சு காட்டும். நிலையின்ர அடி தரைக்குள்ள புதைஞ்சிருக்கா என்று பாருங்கோ.

கதவைக் கனடாவுக்குக் கொண்டு போகிறதை நான் ஆதரிக்க மாட்டன். கொழும்புக் காற்றில மரத்துக்குள்ள ஏறக்குறைய 14, 15 சதவீதம் ஈரம் நிற்கும். ஹீற்றர் போட்ட ரொறன்ரோ வீட்டில மாரிகாலத்தில அது 6 சதவீதம் அளவுக்கு இறங்கும். பலாவோ தேக்கோ, பலகை சுருங்கி இணைப்பு விடும், வெடிக்கும். கடல் பக்கத்து வீடு என்றதால பழைய இரும்புப் பிணைச்சல் எல்லாம் உப்பில செத்துப் போயிருக்கும். பித்தளைக் கொளுக்கி, கைபிடி, குமிழ், தாழ்ப்பாள், இவைதான் பாரமும் இல்லை, கெடவும் மாட்டாது. கை தினமும் பட்டதும் இவற்றிலதான்.

கோடும்_அளவும்:

கதவு விடயத்தில் எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து. முழுக் கதவு வேண்டாம் என்பது சரி. ஆனால் ஒரு பலகைத் துண்டையோ யன்னல் இலையையோ எடுத்து, சட்டத்துக்குள் இறுக்காமல் தளர்வாகப் பொருத்தினால் மரம் சுருங்கினாலும் வெடிக்காது. வெடிப்பு வருவது மரத்தை நாலு பக்கமும் ஆணியடித்துப் பூட்டும்போதுதான். பெட்டி செய்து அனுப்பினால் பெட்டி மரம் ஐ.எஸ்.பி.எம் 15 (மரப்பெட்டியோடு பூச்சி நாடு விட்டு நாடு போகாமல் தடுக்கும் சர்வதேச விதி) முத்திரை உள்ளதாக இருக்க வேண்டும், வழக்கமாக நடுமரம் 56 பாகை செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கப்பட்ட மரம். செதுக்கு வேலை உள்ள மிகப் பழைய பொருள் என்றால் அனுப்ப முன்னர் தொல்பொருள் திணைக்களத்தில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

சுவடி_தேடல்:

கடதாசிகளுக்கு வருகிறேன். காணி உறுதி (பத்திரம்) எழுதும் நொத்தாரிசு மூலத்தைக் காணிக்காரருக்குக் கொடுப்பார், இணைப்பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்புவார், இன்னொன்றைத் தன்னிடம் வைப்பார். ஆகவே வீட்டில் இருந்த பிரதி தொலைந்தாலும் கொழும்புக் காணிப் பதிவகத்தில் தேடலாம். பதிவேட்டுப் பக்கத்தில் அந்தக் காணி கைமாறிய வரலாறு வரிசையாக இருக்கும். உறுதியின் அட்டவணையை நிதானமாக வாசியுங்கள். வடக்கே இன்னாருடைய காணி, மேற்கே புகையிரதப் பாதை என்று நாலு எல்லையும், பேர்ச் அளவும், அளவைப் பட இலக்கமும், நில அளவையாளர் பெயரும் திகதியும் அதில் வரும். அந்த அளவைப் படம் கிடைத்தால் பழைய கட்டடத்தின் வெளிக்கோடும் கிணறும் அதில் குறிக்கப்பட்டிருக்க இடமுண்டு.

இங்கே பலர் தடக்குப்படுவது வீட்டு இலக்கத்தில். மாநகர சபையின் வரி இலக்கம் காலத்துக்குக் காலம் மாறும், வீதிப் பெயரும் மாறும். பழைய இலக்கத்தைப் புதிய பெயரோடு சேர்த்துத் தேடினால் வேறு வீடுதான் வரும். உறுதிகளில் "முன்னர் இன்ன இலக்கம்" என்று சொல்லப்பட்டிருக்கும் வரியைத் தனியே எழுதி வைத்து, எந்த ஆண்டுக்கு எந்த இலக்கம் என்று அட்டவணை போடுங்கள். மரண அறிவித்தல்கள் இதற்கு நல்ல துணை. வீரகேசரி 1930இலும் தினகரன் 1932இலும் தொடங்கியவை. "இல்லத்திலிருந்து கனத்தை மயானத்துக்கு" என்று வரும் அறிவித்தலில் அன்றைய முகவரி முழுதாக இருக்கும். பழைய பத்திரிகைகளைப் பார்க்கத் தேசிய சுவடிகள் திணைக்களம் போகலாம், கொழும்பு 7இல், முன்பு ரீட் அவெனியூ என்றிருந்த பிலிப் குணவர்தன மாவத்தையில் இருக்கிறது. திகதி ஏறக்குறையத் தெரிந்துகொண்டு போங்கள். ஆண்டு மட்டும் தெரிந்தால் முழு நாளும் பக்கம் புரட்டுவதிலேயே போய்விடும். வாக்காளர் இடாப்பு அந்தந்த ஆண்டில் அந்த வீட்டிலிருந்த வயதுவந்தோரின் பெயர்களை வீட்டு இலக்கத்தின் கீழ் சொல்லும்.

இனி மச்சாளின் வீடு. 1983இல் எரிந்த வீடுகளின் சொந்தக்காரர் பலரிடம் உறுதிகூட இல்லை, அவர்கள் முதலில் போக வேண்டிய இடம் காணிப் பதிவகம்தான். எல்லையும் பேர்ச்சும் கையில் வந்தால் வீட்டின் வெளி அளவுக்கு ஒரு கட்டுப்பாடு கிடைக்கும்: ஒரு பேர்ச் 272¼ சதுர அடி, ஆகவே 10 பேர்ச் காணியில் எவ்வளவு பெரிய வீடு நின்றிருக்கலாம் என்பது தெரியும்.

தங்கள் வீட்டில் படம் மிஞ்சாதவர்களின் படங்கள் மற்றவர்களின் அல்பங்களில் இருக்கும். அந்த வீட்டில் நடந்த பிறந்தநாள், பூப்புனித நீராட்டு, பொன்னுருக்கு ஆகியவற்றுக்கு வந்த உறவினரிடம், வெளிநாட்டுக்கு முன்னரே போனவர்களிடம், பழைய அயலவரிடம் கேளுங்கள். "வீட்டுப் படம் இருக்கிறதா" என்று கேட்டால் இல்லை என்பார்கள். "அந்த விசேசத்துப் படங்களில் பின்னால் சுவர் தெரிகிறதா" என்று கேட்க வேண்டும். சுவருக்கு நேரே நின்று எடுத்த படம் ஒன்று கிடைத்தால் அளவும் கிடைக்கும். படத்தில் கதவு 42 மி.மீ, யன்னல் 24 மி.மீ என்று வைப்போம். கதவு 7 அடி, அதாவது 84 அங்குலம் என்றால், ஒரு மி.மீக்கு 2 அங்குலம், யன்னல் 4 அடி. சரிவாக எடுத்த படத்தில் இந்தக் கணக்குச் சரிவராது.

நினைவைக் கேட்கும்போது எரிந்த நாளிலிருந்து தொடங்க வேண்டாம். அந்த நாள் வந்துவிட்டால் அது மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும், சொல்பவருக்கும் அது வேதனை. "கேற்றைத் திறந்து உள்ளே வாருங்கோ, வலக்கைப் பக்கம் என்ன நிற்குது?" என்று நடத்திக் கொண்டு போங்கள். பிறகு குசினியிலிருந்து கேற்றுக்குத் திரும்பி நடக்கச் சொல்லுங்கள். போகும்போது தெரியாத கதவுகள் வரும்போது தெரியும். அவர் அந்த நாளைப் பற்றிப் பேச விரும்பினால் பேசட்டும், அதுவும் அந்த வீட்டின் வரலாறு. அப்போது வரைபடத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் கேளுங்கள்.

ஒழுங்கை_முனை:

மிகவும் நன்றி. தனித்தனியாக வரையச் சொல்லி எல்லோருக்கும் எழுதிவிட்டேன். சத்தம், வெளிச்சம், வாசனை இவற்றை எப்படிப் பிடிப்பது? ரயில் போகும்போது யன்னல் அதிர்வது எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

காதுகொடு:

சத்தத்துக்குப் போனே போதும், ஆனால் பேச்சுக்கான இரைச்சல் நீக்கும் வசதியை நிறுத்துங்கள். அது குரலை வைத்துக்கொண்டு, உங்களுக்கு வேண்டிய ரயிலையும் காகத்தையும் அழித்துவிடும். 48 கிலோஹேர்ட்ஸ் வேவ் கோப்பாகப் பதிவு செய்யும் செயலி எதுவும் சரி. போனைக் கையில் பிடிக்காமல் மடித்த துவாயின் மேல் வையுங்கள், இல்லாவிட்டால் மேசை அதிர்வுதான் பதிவாகும். பகல் ஏற ஏறக் கடற்காற்று மைக்கில் அடிக்கும், ஆகவே விடியற்காலை நல்லது. பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் விற்கும் சூன் பாண் வண்டி வரும் நேரத்தை மட்டும் தனியே பிடியுங்கள். ஒவ்வொரு அறையிலும் ஒருவரும் பேசாமல் மூன்று நிமிடம், பிறகு அறையின் நடுவில் நின்று ஒரு முறை கை தட்டுங்கள். அந்த அறையின் எதிரொலி அதில் இருக்கும். இதைச் சாமான் ஏற்றுவதற்கு முன்னால் செய்ய வேண்டும், காலி அறை வேறு மாதிரி ஒலிக்கும். கிணற்றுக் கப்பி, பின்கதவுத் தாழ்ப்பாள், மரப்படி என்பவற்றையும் ஒவ்வொன்றாக எடுங்கள்.

வெளிச்சம் விடயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். கொழும்பில் சூரியன் ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டம்பர் முதல் வாரத்திலும் நண்பகலில் நேர் மேலே வரும். இடையில் யூனில் அது வடக்குப் பக்கம், டிசம்பரில் தெற்குப் பக்கம். ஆகஸ்ட் விடுமுறையில் வந்தவருக்கும் டிசம்பரில் வந்தவருக்கும் ஒரே அறையில் வெயில் வேறு வேறு சுவரில் விழுந்திருக்கும். இருவரும் சொல்வது சரியாகவே இருக்கலாம். வீட்டின் திசையைத் திசைகாட்டியால் துல்லியமாகக் குறித்துக்கொண்டால், எந்த மாதத்து வெயிலையும் பின்னால் கணினி மாதிரியில் விழுத்திப் பார்க்கலாம். யன்னல் கம்பிக்குப் பக்கத்தில் நின்று திசை பார்க்காதீர்கள், இரும்பு முள்ளை இழுக்கும். வளவின் நடுவில் நின்று பாருங்கள்.

வாசனையைப் பதிய முடியாது, ஆனால் எழுப்ப முடியும். வாசனையால் எழும் நினைவுகள் பெரும்பாலும் பத்து வயதுக்கு முந்தியவை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சொல்லோ படமோ எழுப்புபவை அதற்குப் பிந்திய வயதுகளில்தான் கூடுதலாகக் குவியும். ஆகவே பட்டியல் எழுதும்போது திருத்தமாக எழுதுங்கள். "சாம்பிராணி" என்று மட்டும் போடாமல், எந்தச் சட்டியில், எந்தக் கிழமை, எந்த அறையிலிருந்து எந்த அறைக்கு என்று எழுத வேண்டும். அம்மம்மா வறுத்து அரைத்த மிளகாய்த்தூளுக்கு என்னென்ன, எத்தனை கிராம் என்று தெரிந்தவரிடம் இன்றே கேளுங்கள். அதை ரொறன்ரோவில் வறுத்தாலும் அந்தக் குசினி வரும்.

சுவடி_தேடல்:

கோப்புகளைச் சேமிப்பது பற்றிச் சின்னக் குறிப்பு. பழைய படங்களை 600 டிபிஐயிலும் நெகற்றிவ்களை 2400க்குக் குறையாமலும் ஸ்கேன் பண்ணி டிஃப் கோப்பாக வையுங்கள். கண்ணாடியோடு ஒட்டிய படத்தை உரிக்க வேண்டாம், கண்ணாடியோடேயே ஸ்கேன் செய்யலாம். குறிப்புகளை யுனிகோடில் மட்டும் தட்டெழுதுங்கள். யுனிகோடுக்கு முந்திய பாமினி எழுத்துருவில் எழுதிய பழைய குடும்பக் கோப்புகள் இருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று கொழும்புக்கு வெளியே. உறுதியையும் அளவைப் படத்தையும் குடும்பத்துக்குள் மட்டும் வையுங்கள், பொதுவில் போட வேண்டாம். ஒவ்வொரு படத்தின் பெயரிலும் அறை, எந்தச் சுவர், உயரம் மூன்றும் வரட்டும்: "சாலை_மேற்கு_மூன்றரையடி" போல. வரைபடத்தில் அதே பெயரை அந்த இடத்தில் எழுதிவிட்டால், வீட்டைக் காணாத பிள்ளையும் எந்தப் படம் எங்கே நின்று எடுத்தது என்று தானாகவே கண்டுபிடிக்கும்.